சொந்தத்துக்குள் ஜாமீன் கையெழுத்து கேட்டால் எப்படி மறுப்பது?

கேள்வி: கேரளத்தில் அரசு வேலையில் இருக்கிறேன். சிட்டிப் (ஏலச்சீட்டுப்) பணம் எடுக்க என் சம்பளச் சான்றிதழைக் கேட்டுத் தாய்மாமா நச்சரிக்கிறார். அத்தை மகனுக்கு ஏற்கெனவே ஒரு ஜாமீன் போட்டிருக்கிறேன். மறுத்தால் உறவு அறுந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். என்ன சொல்வது?

பதில்: நான் கம்பத்துக்காரி. குமுளியைத் தாண்டி, வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியை. மலைக்கு மேலே சொந்தத்தில் ஒருத்தி கேரள அரசுச் சம்பளம் வாங்குகிறாள் என்றால், கீழே கூடலூரிலிருந்து உத்தமபாளையம் வரை எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் தாராளம்.

முதலில், என்ன கேட்கிறார்கள் என்பது தெளிவாக வேண்டும். "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்பார்கள். நாற்பது மாதச் சிட்டியை ஐந்தாம் மாதத்திலேயே எடுத்துவிட்டால், பாக்கி முப்பத்தைந்து தவணைக்குத்தான் உங்களை ஜாமீன் கேட்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 128-ஆவது பிரிவின்படி, வேறு நிபந்தனை எழுதப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் சமம். அவர் மீது வழக்குப் போட்டு முடித்த பிறகுதான் உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சம்பளக்காரர் என்றால் நேராகச் சம்பளத்தில் கை வைப்பதுதான் சிட்டி நடத்துகிறவர்களுக்குச் சுலபம். சம்பளச் சான்றிதழ் கேட்பதே அதற்காகத்தான்.

அடுத்து, "மாமா ஏமாற்றுகிறவரா?" என்று யோசிக்காதீர்கள். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். நல்லவர் என்று தெரிந்ததும் மறுக்க வாய் வருவதில்லை. என் பெரிய மாமா கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர். ஒரு ரூபாய் யாரையும் ஏமாற்றியவர் இல்லை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. இரண்டு மூன்று வருடத்தில் ஆயிரத்தைச் சுற்றி வந்து நின்றது. மாமா நல்லவர்தான், விலையும் நல்லதாக இருக்க வேண்டுமே! ஆகவே நம்பிக்கை, குணம் என்ற பேச்சுக்கே போகாமல் மறுப்பதுதான் அவருக்கும் மரியாதை.

இனி, எப்படிச் சொல்வது. நம் வீடுகளில் வழக்கம், சாக்குச் சொல்வது. "இந்த மாதம் வீட்டுக் கடன் விண்ணப்பம் போட்டிருக்கிறேன் மாமா" என்றால், "சரி, அடுத்த மாதம் வருகிறேன்" என்பார். "தலைமையாசிரியர் கையெழுத்துப் போட மாட்டார்" என்றால், தலைமையாசிரியருக்குத் தெரிந்த ஆளைப் பிடித்துக்கொண்டு வருவார். என் மாமா அதையும் செய்யக்கூடியவர். ஒவ்வொரு சாக்குக்கும் அவரிடம் ஒரு தீர்வு இருக்கும். தீர்த்துக் கொடுத்த பிறகும் நீங்கள் மறுத்தால் கோபம் இரட்டிப்பாகும். "பார்க்கலாம்" என்று இழுப்பது இதைவிடக் கெடுதல். அதை நம்பி அவர் யாருக்காவது முன்பணம் கொடுத்திருப்பார்.

உணர்வை "நான்" என்று தொடங்கிச் சொல்லுங்கள் என்று தாமஸ் கார்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். இன்றும் ஆலோசகர்கள் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். கணவன் மனைவிக்கு இடையே அது நன்றாகவே உதவும். தாய்மாமாவிடம் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள்: "நான் இருக்கும்போது உனக்கு என்ன பயம்?" என்று அங்கேயே முடித்துவிடுவார். அவரிடம் உணர்வைவிட முடிவைச் சொல்வது மேல்:

"மாமா, யாருக்கும் ஜாமீன் போடுவதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். உங்களுக்கும் முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்."

உடனே அத்தை மகன் பேச்சு வரும். "அவனுக்குப் போட்டாய், எனக்கென்றால் கசக்கிறதா?" இந்த இடத்தில் தடுமாறினால் எல்லாம் போயிற்று. மறைக்கவும் வேண்டாம், அத்தை மகனைக் குறை சொல்லவும் வேண்டாம். "ஆமாம் மாமா, போட்டேன். அதற்கு அப்புறம் எடுத்த முடிவுதான் இது. இனி அவனே கேட்டாலும் இல்லை." அவர் வேறு வேறு பக்கத்திலிருந்து வருவார், நீங்கள் அதே வாக்கியத்தை, அதே குரலில், புதிதாக எந்தக் காரணமும் சேர்க்காமல் சொல்லுங்கள். கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி என்று நாம் கேலி செய்வதையே, 1970களில் மானுவல் ஸ்மித் என்ற உளவியலாளர் ஒரு பயிற்சியாகப் பரப்பினார். குரலை உயர்த்தாதீர்கள். காபி கொடுங்கள். ஆனால் பேச்சை மாற்ற வேண்டும் என்பதற்காக "ஐம்பதாயிரம் வேண்டுமானால் தருகிறேன்" என்று மட்டும் வாயை விட்டுவிடாதீர்கள். கொடுக்க உண்மையிலேயே மனமிருந்தால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையை, ஒரு வாரம் கழித்து, நீங்களாகப் போய்க் கொடுங்கள்.

அம்மா மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். அது அவருடைய அண்ணன் தம்பி விவகாரமாக மாறிவிடும்; நாற்பது வருடத்துப் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அவளைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் இருப்பது. மாமா உங்கள் கணவர் வழி உறவாக இருந்திருந்தால், பேச வேண்டியவர் கணவர் என்று சொல்லியிருப்பேன்.

கொஞ்ச நாள் பேச மாட்டார். அது அவருடைய உரிமை. சமாதானம் செய்ய ஓடாதீர்கள். ஆனால் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போங்கள். வழக்கமான செய்முறையைக் குறையில்லாமல் செய்யுங்கள், குற்ற உணர்வில் கூட்டிச் செய்யவும் வேண்டாம். என் மாமா அடுத்த காதுகுத்து வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அங்கே பந்தியில் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றியவரும் அவர்தான்.

அத்தை மகனுக்குப் போட்ட கையெழுத்தை இனி எடுக்க வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தவணை கட்டிய ரசீதை மாதாமாதம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மாதம் வரவில்லை என்றால் அவனுக்குப் போன் செய்துவிட்டு, அதே நாளில் சிட்டி அலுவலகத்திலும் பாக்கியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவேளை நீங்கள் கட்ட நேர்ந்தால், அந்தத் தொகையை அவனிடமிருந்து வசூலிக்க அதே சட்டத்தின் 145-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதற்கு நீங்கள் கட்டியதற்கான ரசீதுகள் எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும்.