மலையில் கார்பன் படகு: கேள்வி பதில்

கொடைக்கானல்: சார், படகின் ஃபோம்மேல் பிசின் தடவிய கார்பன் துணியை ஒட்டி, பிளாஸ்டிக் பையால் மூடிக் காற்றை உறிஞ்சுறோம். தூத்துக்குடியில் 28 இஞ்ச் (பாதரச அளவு) காட்டிய வேக்குவம் பம்பு இங்கே 22-ஐத் தாண்ட மாட்டேங்குது. பையில் ஓட்டையா?

ஓட்டை இல்லை, உயரம். 2,100 மீட்டரில் காற்றழுத்தமே சுமார் 780 மில்லிபார்தான், கடல்மட்டத்தில் 1,013. எப்பேர்ப்பட்ட பம்பானாலும் இங்கே 23 இஞ்சோடு நின்றுவிடும். ஆனால் கார்பன் துணியை ஃபோமோடு அழுத்தும் விசையும் கால்வாசி குறைந்துவிடுகிறது. முன்மூக்கு மாதிரி கூரான வளைவில் பை விறைத்து நின்றால் அடியில் பிசின் தேங்கும். அங்கே பையைத் தாராளமாக வெட்டி, மடிப்பு வைத்து ஒட்டுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? பம்புக்குப் போகும் வால்வை மூடி 15 நிமிடம் பாருங்கள். முள் ஒரு இஞ்சுக்கு மேல் இறங்கினால் கசிவுதான். பை ஓரத்தை ஒட்டிய சீலன்ட் டேப்பின் மூலைகளில் காதை வையுங்கள், உஸ்ஸென்று கேட்கும்.

ஊட்டி: எபாக்சி பிசின் மறுநாளும் பிசுபிசுங்குது. அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட்டலாமா?

கூடவே கூடாது. அது பாலியஸ்டர் என்ற வேறு பிசினின் பழக்கம். எபாக்சியில் கணக்குக்கு மிஞ்சிய ஹார்ட்னர் சேர ஆளில்லாமல் அப்படியே கிடக்கும். பிசின் கடைசிவரை இறுகாது. டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தைத் தராசில் நிறுத்துக் கலக்குங்கள்.

குறை குளிரில் இருக்கிறது. 10 டிகிரி இறங்கினால் செட் ஆக ஏறக்குறைய இரட்டிப்பு நேரம். படகைத் தார்ப்பாயால் மூடி, மின் ஹீட்டரால் உள்ளே 20 முதல் 25 டிகிரி வையுங்கள். கரியடுப்பு வேண்டாம்: மூச்சுக்கு ஆபத்து, தவிர அதன் கார்பன் டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து பிசின்மேல் மெழுகுப் படலம் கட்டும்.

கோத்தகிரி: அந்தப் படலம் வந்தாச்சு. உப்புத்தாள் போடவா?

முதலில் வெதுவெதுப்பான நீரும் ஸ்காட்ச்பிரைட்டும். துடைத்துக் காய்ந்த பிறகே 80 நம்பர் தாள். நேரே தேய்த்தால் மெழுகைக் கீறலுக்குள் அப்புகிறீர்கள். அடுத்த அடுக்கு உரிந்து வரும்.

குன்னூர்: படகுச் சுவர் சதுர மீட்டருக்கு எடை எவ்வளவு வரும்?

இரு பக்கமும் 200 கிராம் கார்பன், நடுவே 5 மி.மீ. ஃபோம் (கன மீட்டருக்கு 80 கிலோ) என்றால் ஒன்றேகால் கிலோ. ஒன்றரை வந்தால் கையில் பிசின் தாராளம்.

கொடைக்கானல்: கட்டி முடித்ததைக் கடலுக்கு இறக்கும்போது?

மிதவை அறைகளின் தக்கையைக் கழற்றிவிட்டு லாரியில் ஏற்றுங்கள். இங்கே அடைத்த காற்று கீழே போனதும் வெளிக்காற்று சதுர மீட்டருக்கு 2 டன்னுக்கும் மேல் அழுத்தும். மெல்லிய டெக் (மேல்தளம்) உள்வாங்கிவிடும்.