செய்த தவறால் குடும்பமே பிரிந்து நிற்கும்போது இறைவனின் கருணை கிடைக்குமா?

கூடப்பிறந்தவர்களை நோகடித்துவிட்டேன், வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, என்னைப் போன்றவனையும் இறைவன் ஏற்பானா, இனி எதற்காக வாழ்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன தவறு என்று நீங்கள் எழுதவில்லை. சொத்து விவகாரமாகத்தான் இருக்கும் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவனுக்கு, உடன்பிறந்தோர் மனத்தாங்கல் என்றாலே வேறு காரணம் தோன்றுவதில்லை. அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்திர எழுத்தர் என்றதும் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள் என்பது எனக்குத் தெரியும். அலுவலக வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதுவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. என் கைப்படப் போன ஆயிரக்கணக்கான ஆவணங்களில் எல்லை பிசகியோ அளவு தவறியோ ஒன்றுகூட நீதிமன்றம் ஏறியதில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன். நான் பொய்யாக எழுதியது ஒரே ஒரு ஆவணம். அதை என் சொந்தத் தங்கைக்கு எழுதினேன்.

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில், கொடுமுடிக்கு மேற்கே, கீழ்பவானி வாய்க்கால் பாயும் பகுதியில் இருக்கிறது. பாட்டன் வழி வந்த பூமி நான்கரை ஏக்கர், அதில் ஒரு கிணறு. 2004இல் அப்பா காலமானபோது வாரிசுகள் மூன்று பேர்: அம்மா, நான், தங்கை. தங்கைக்குத் திருமணம் நடந்தது 1994இல். 1989 மார்ச் 25ஆம் தேதிக்கு முன் திருமணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. ஆகவே அப்பா, நான், தங்கை ஆகிய மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. அப்பாவின் பங்கு அம்மா, நான், தங்கை என மறுபடியும் மூன்றாகப் பிரியும். கூட்டிப் பார்த்தால் தங்கைக்குச் சேர வேண்டியது ஒன்பதில் நான்கு பாகம், சரியாக இரண்டு ஏக்கர். இந்தக் கணக்கை எத்தனையோ குடும்பங்களுக்கு விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை.

2006ஆம் ஆண்டு தை மாதம், அப்பா பெயரில் உள்ள பட்டாவை மாற்றினால்தான் பயிர்க்கடன் கிடைக்கும், வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ அம்மிணி என்று அழைத்தேன். ஒரு பை நிறைய அவரைக்காயோடு பேருந்தில் வந்து இறங்கினாள். நான் எழுதி வைத்திருந்தது விடுதலைப் பத்திரம். "எனக்குப் பாத்தியப்பட்ட பாகத்துக்காக ரூபாய் ஒரு லட்சம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, முழு மனதுடன், எவருடைய தூண்டுதலும் இன்றி விடுதலை செய்து கொடுத்தேன், இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் சம்பந்தமும் இல்லை" என்று, எல்லாருக்கும் எழுதுகிற அதே வாசகம். அந்த ஒரு லட்சத்தை அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சார்பதிவாளர் சம்மதமா என்று கேட்டபோது என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இடது பெருவிரலில் ஒட்டியிருந்த மையைத் துடைக்கத் துணி தேடினேன். அதற்குள் அவள் விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு, நேரமாகிவிட்டது, மாடு கறக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். பேருந்து நிறுத்தத்துக்கு வழியில் ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன். அதன் விலை அறுநூறு ரூபாய்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் பிறந்த வீட்டில் பங்கு கேட்பதில்லை, சீர் முறைகள் தவறாமல் நடந்தால் போதும் என்பதுதானே வழக்கம் என்று சிலர் எனக்காகப் பரிந்து பேசுவார்கள். நானும் ஏழு ஆண்டுகள் எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கம் என்ற தைரியம் உண்மையிலேயே எனக்கு இருந்திருந்தால் பத்திரத்தைப் படித்துக் காட்டியே கையெழுத்து வாங்கியிருப்பேன். என் திருமணத்தில், உடன்பிறந்தவள் மாப்பிள்ளையோடு நிற்கும் இணைச்சீர் சடங்குக்கு என் பக்கத்தில் நின்றவள் அவள். அவளுக்கு முடிந்த பிறகுதான் எனக்கு என்று முப்பத்திரண்டு வயது வரை காத்திருந்தவன் நான். அப்படிப்பட்ட அண்ணன் எப்படி இதைச் செய்தான் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. இரண்டு ஏக்கர் என்பது மட்டும்தான் பதில்.

அந்த இரண்டு ஏக்கரும் என்னிடம் தங்கவில்லை. மொத்தப் பூமியையும் அடமானம் வைத்துப் போட்ட ஆழ்துளைக் கிணறு 950 அடியில் புகையைத்தான் கக்கியது. விலை ஏறியிருந்தபோது ஆசைப்பட்டு நட்ட மஞ்சள், வேக வைத்து மண்டிக்குக் கொண்டுபோவதற்குள் விலை படுத்துவிட்டது.

2013இல் தங்கை மகளின் படிப்புக்காகக் கடன் கேட்கப் போன இடத்தில், யாரோ சொன்னார்கள் என்று மச்சான் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருக்கிறார். மறுநாள் தங்கை தனியாக வந்தாள். வழக்குப் போடப்போகிறாள் என்று நினைத்து, என்ன வாதம் வைக்கலாம் என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் உட்காரவில்லை. "கேட்டிருந்தீங்கன்னா நானே குடுத்திருப்பனுங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான். அம்மா தன் துணிமணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு அவளோடு போய்விட்டார். 2016இல் அவள் மகள் திருமணத்தில் தாய்மாமன் சீரை என் பெரியப்பா மகன் செய்தார். அடுத்த ஆண்டு அம்மா தங்கை வீட்டிலேயே கண்ணை மூடினார். கொள்ளி வைக்க என்னை அழைத்தார்கள், வைத்துவிட்டு வந்தேன்.

இதற்கு நடுவே சோதிடர் ஒருவர் எல்லாவற்றுக்கும் நாகதோஷம்தான் காரணம் என்றார். எங்களுக்குப் பக்கத்திலேயே கொடுமுடி இருக்கிறது. வெளியூர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பரிகாரத்துக்கு வருகிற தலம். நானும் காவிரியில் முழுகினேன், அவர் சொன்ன தொகையைக் கொடுத்தேன். தங்கையை ஏமாற்றியவனுக்குப் பாம்பின் மேல் பழி போட வழிகாட்டுகிறவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் அன்று அங்கே போனது வீணாகவில்லை. பரிகாரம் முடிந்து ஈர வேட்டியோடு மகுடேசுவரர் சந்நிதியில் நின்றபோது ஓதுவார் சுந்தரர் அந்தத் தலத்தில் பாடிய நமச்சிவாயப் பதிகத்தைப் பாடிக்கொண்டிருந்தார். "நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே." சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான். நான் மறந்தாலும் என் நாக்கு உன்னைச் சொல்லும் என்கிறார். என் நாக்கு எதையெல்லாம் சொல்லியது என்று நினைத்தபோது அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

பெரியார் பிறந்த மாவட்டத்துக்காரன் நான். இதெல்லாம் மனப்பிரமை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு, அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. சுந்தரமூர்த்தி நாயனாரோடு உன்னை ஒப்பிடுகிறாயா என்று சைவப் பெரியோர்கள் சினந்தால், ஒப்பிடவில்லை, அவர் கதையில் எனக்குப் புரிந்த தொழில் விவரங்களை மட்டும் சொல்கிறேன் என்பதே என் பதில்.

அந்தக் கதை பத்திரத்தில் தொடங்குகிறது. புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்குக் கிழவராக வந்த இறைவன், உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இது என்று காட்ட, சுந்தரர் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படி ஓலை. மூல ஓலையைக் கிழவர் பத்திரமாக வைத்திருந்து, திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டினார். தானும் தன் வழிவழி வருவோரும் தொண்டு செய்வோம் என்று எழுதி, "இவை என் எழுத்து" என்று ஒப்பமிட்ட ஓலை அது. நான் எழுதிய "எனக்கும் என் வாரிசுகளுக்கும்" என்ற வாசகம் அதில் தலைகீழாக இருக்கிறது. நான் பாத்தியத்தை அறுக்க எழுதினேன், அந்த ஓலை பாத்தியத்தைக் கட்ட எழுதியது.

இன்னொரு இடம் திருவொற்றியூர். உன்னைப் பிரியேன் என்று, தாம் மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சுந்தரர் இறைவனிடமே முன்கூட்டிப் பேசி வைக்கிறார். சட்டத்தில் சந்து வைப்பது என்று எங்கள் தொழிலில் சொல்வோமே, அதுவேதான். இறைவன் சங்கிலியார் கனவில் போய், மகிழ மரத்தடியில் வைத்தே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போகின்றன. திருவெண்பாக்கத்தில் கோயில் வாசலில் நின்று, பிழை செய்தாலும் பொறுப்பீர் என்று நம்பித்தானே செய்தேன், கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்கிறார். உள்ளிருந்து வந்த விடை "உளோம் போகீர்" என்பது. எங்கள் பேச்சில் சொன்னால், இருக்கறோம், போங்க. அதோடு ஓர் ஊன்றுகோலும் கிடைக்கிறது. கண் கிடைக்கவில்லை. காஞ்சியில் இடக்கண், அதற்கும் பிறகு திருவாரூரில் வலக்கண்.

உங்களுடைய இரண்டு கேள்விகளுக்கும் நான் பெற்ற விடை இந்த இரண்டு சொற்கள்தாம். கருணை உண்டா என்றால், உளோம். எதற்காக வாழ்வது என்றால், போகீர். எங்கே போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, பதினாறு கிலோமீட்டர் தொலைவில் தங்கை வீடு. (கண் பெற்ற சுந்தரர் போனது முதல் மனைவி பரவையார் வீட்டுக்கு. சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியம் என்னவாயிற்று என்ற மனக்குறை எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.)

உடனே போய்விடவில்லை, ஐந்து ஆண்டுகள் ஆயின. என் பங்கில் அறுபது சென்ட் விற்று அடமானத்தை மீட்டேன். என் மனைவி, "பையனுக்குன்னு என்னங்க வெச்சிருக்கறீங்க" என்று கேட்டதும், மகன் இரண்டு ஆண்டுகள் என்னோடு பேசாமல் இருந்ததும் தனிக் கதை. ஒரு தவறைச் சரிசெய்தால் வீட்டில் எல்லாரும் மகிழ்வார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

2019 ஆவணியில், இரண்டு ஏக்கரையும் தங்கை பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதி, பதிவதற்கு முன் அவள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மச்சான் வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார், எழுந்திருக்கவில்லை. தங்கை நிலைப்படியில் நின்றாள். படித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, நின்றபடியே முதல் வரியிலிருந்து சொத்து விவரம் வரைக்கும், நான்கு எல்லைகளையும் சேர்த்துச் சத்தமாகப் படித்தேன். வாசகம் எல்லாம் அத்துப்படிதான், ஆனாலும் நாக்கு இரண்டு இடத்தில் குழறியது. முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"கெணத்துப் பாத்தியம் எழுதலீங்களாண்ணா?" என்றாள்.

எழுதவில்லை. கிணறு, மோட்டார், மின் இணைப்பு, வண்டித்தடம் எதுவும் அந்த ஆவணத்தில் இல்லை. கத்துக்குட்டி எழுத்தர்கூட விடாத வரி அது. மறந்து விட்டேனா, விட்டு மறந்தேனா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து மறுபடி தட்டச்சு செய்து, கிணற்றிலும் மோட்டாரிலும் ஒன்பதில் நான்கு பாகம் என்று சேர்த்து, மறுநாள் மீண்டும் போய் முதலிலிருந்து படித்தேன். இரண்டாம் முறை அவள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். அதுவே நான் எழுதிய கடைசி ஆவணம்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவள் வீட்டில் எனக்கு இன்னும் சாப்பாடு இல்லை, எங்கள் வீட்டுப் படியும் அவள் ஏறுவதில்லை. ஆனால் கிணறு பொதுவாக இருப்பதால் தண்ணீர் முறையைப் பேசித்தான் ஆக வேண்டும். ஒன்பது நாளில் ஐந்து நாள் எனக்கு, நான்கு நாள் அவளுக்கு. தன் முறை முடிந்ததும் அவளே கைப்பேசியில் கூப்பிடுவாள். "தண்ணிய உங்க பக்கம் திருப்பியாச்சுங்கண்ணா" என்பதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. ஒன்பது நாளுக்கு ஒருமுறை அந்த அண்ணாவைக் கேட்பதற்காக, சோளத்தட்டு காய்கிற அளவுக்கு ஒன்றும் வெயில் இல்லாத நாட்களில்கூட முறை மாற்றாமல் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன்.

இன்று அவளுக்கு நான்காம் நாள். இந்த இடத்தை எழுதும்போது அழைப்பு வந்துவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை கட்டப் போகிறேன்.