ஓடத் தொடங்கினால் கெண்டைக்கால் பருத்துவிடுமா?

வாசகர் கேள்வியும் இயன்மருத்துவரின் பதிலும்

கேள்வி: நான் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியை, வயது 27. மூன்று கிழமைகளுக்கு முன்பு அயலில் உள்ள தோழியுடன் சேர்ந்து காலையில் குளக்கட்டிலே ஓடத் தொடங்கினேன். பாடசாலையை விட்ட பிறகு நான் ஓடியதே இல்லை. இப்போது கெண்டைக்கால் இரண்டும் கல்லுப்போல இறுகியிருக்கின்றன. போன கிழமை 34 சென்ரிமீற்றராக இருந்த சுற்றளவு, நேற்று ஓடிவிட்டு வந்து அளந்தபோது 35 ஆகிவிட்டது. "பொம்பிளைப் பிள்ளை ஓடினால் கால் மொத்தமாகிவிடும், பிறகு சட்டை போட்டால் வடிவாக இராது" என்று அம்மா சொல்கிறார். ஓட்டத்தை நிறுத்துவதா, தொடர்வதா?

பதில்: தொடருங்கள், சகோதரி. அளவு நாடாவில் ஏறிய அந்த ஒரு சென்ரிமீற்றர் தசை வளர்ச்சியாக இருக்க முடியாது என்பதை ஒரு சிறு கணக்கிலேயே கண்டுகொள்ளலாம். 34 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள காலை ஒரு வட்டமாக எடுத்துக்கொண்டால் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 92 சதுர சென்ரிமீற்றர். சுற்றளவு 35 ஆகும்போது அது 97 சதுர சென்ரிமீற்றரைத் தாண்டிவிடுகிறது. எலும்பும் கொழுப்பும் தோலும் மாறாமல் இருக்க, தசை மட்டும் ஒரே கிழமையில் ஐந்து சதுர சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டும். நாள்தோறும் பாரம் தூக்கிப் பயிற்சி செய்கிற இளைஞருக்குக்கூட அது நடவாத காரியம்.

அப்படியானால் நாடா ஏன் கூடக் காட்டியது? நீங்களே காரணத்தை எழுதியிருக்கிறீர்கள்: ஓடிவிட்டு வந்து அளந்தீர்கள். ஓடும்போது வேலை செய்யும் தசைக்குள் இரத்தம் பெருமளவில் பாய்கிறது, அதனோடு நீரும் தசையிழைகளுக்கிடையே கசிந்து நிற்கிறது. பழக்கமில்லாத தசை என்றால் வேறொன்றும் நடக்கும். நெடுநாளாக ஓடாத ஒருவர் திடீரென ஓடும்போது இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. உடல் அவற்றைச் சீர்செய்யும் வேளையில் தசை சற்று வீங்கி, இறுகி, தொட்டால் நோகும். அந்த நோவு முதல் நாளிலிருந்து மூன்றாம் நாள் வரை உச்சத்தில் இருந்துவிட்டுத் தணியும். நீங்கள் உணர்கிற கல்லுப்போன்ற இறுக்கம் பெரும்பாலும் இதுதான். கால் பழகப் பழக அது போய்விடும்.

அளப்பதென்றால் ஒழுங்காக அளப்போம். படுக்கையை விட்டு எழுந்தவுடன், முதல் நாள் ஓடாத ஒரு காலைப்பொழுதில், இரண்டு காலிலும் பாரத்தைச் சமமாக வைத்து நின்று, முழங்கால் மூட்டுக்குக் கீழே எத்தனையாவது சென்ரிமீற்றரில் சதை அதிகமாக இருக்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தையல் நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். இவ்வளவு கவனமாக அளந்தாலும் அரை சென்ரிமீற்றர் கூடிக்குறைவது இயல்பு. மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும்.

இனி அம்மாவின் அச்சத்துக்கு வருகிறேன். அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் தசை வேலைக்கேற்ப மாறும் பொருள்தான். எந்த வேலைக்கு எப்படி மாறும் என்பதிலேதான் விடயம் இருக்கிறது. கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள் உள்ளன. வெளியே திரண்டு தெரிவது கஸ்ட்ரொக்னீமியஸ். அது இரண்டு தலைகளாக முழங்காலுக்கு மேலிருந்து தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாகப் படர்ந்திருப்பது சோலியஸ். அது முழங்காலுக்குக் கீழேதான் தொடங்குகிறது. இரண்டும் கீழே ஒன்றாகி, அக்கிலீஸ் தசைநாணாகக் குதிக்கால் எலும்பில் பொருந்துகின்றன. மெதுவான ஓட்டத்தில் உடலை முன்னே தள்ளும் வேலையின் பெரும்பங்கை அடியிலிருக்கும் சோலியஸ் தசையே சுமக்கிறது. அதன் இழைகளில் பெரும்பாலானவை மெதுவாக இயங்கி, நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் வகையைச் சேர்ந்தவை. இவ்வகை இழைகள் பருக்கும் தன்மை குறைந்தவை.

தசை பருப்பதற்கு, சில தடவைகளிலேயே அது களைத்துப்போகுமளவு பெரிய பாரம் வேண்டும், அந்தப் பாரமும் கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டு போக வேண்டும். இருபது நிமிடம் மெதுவாக ஓடும் ஒருவர் 3,000க்கும் மேற்பட்ட அடிகள் வைக்கிறார். ஒவ்வோர் அடியும் தசையால் எளிதில் தாங்கக்கூடிய சுமை, ஆனால் அது ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வருகிறது. இத்தகைய உழைப்புக்குத் தசை வேறுவிதமாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது: இரத்த மயிர்க்குழாய்கள் பெருகுகின்றன, ஒட்சிசனைப் பயன்படுத்திச் சக்தி தரும் இழைமணிகள் பெருகுகின்றன, நரம்புகள் தசையிழைகளை ஒழுங்காக இயக்கப் பழகிக்கொள்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. இத்தனை காலம் ஓடாமல் இருந்தவர் என்பதால் முதல் இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் தசையும் சிறிதளவு திரளக்கூடும். அதே காலத்தில் தோலுக்கடியிலுள்ள கொழுப்பும் சற்றுக் குறையலாம். ஆகவே சுற்றளவு ஏறத்தாழ அப்படியே நிற்க, தசையின் வரை மட்டும் முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். "கால் மொத்தமாகிவிட்டது" என்று பலர் சொல்வது இந்தத் தெளிவைப் பார்த்துத்தான்.

அடுத்த முறை உங்கள் பாடசாலையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கும்போது, 100 மீற்றர் ஓடும் பிள்ளையையும் 1500 மீற்றர் ஓடும் பிள்ளையையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். வெடித்தெழும் வேகத்துக்குப் பழகிய கால் பெரும்பாலும் திரட்சியாக இருக்கும். நெடுந்தூரத்துக்குப் பழகிய கால் மெலிந்து முறுகியிருக்கும். உலக மரதன் ஓட்டங்களில் முன்னணியில் வரும் கென்யா, எதியோப்பியா நாட்டு வீரர்களின் கெண்டைக்கால்களும் மெல்லியவையே. இடுப்பிலிருந்து தொலைவில் இருக்கும் நிறையை ஒவ்வோர் அடியிலும் வீசி முன்னே கொண்டுவருவதற்குச் சக்தி கூடுதலாகச் செலவாகும் என்பதால், மெலிந்த கால் நெடுந்தூரத்துக்கு வசதியானது.

கெண்டைக்காலின் வடிவத்தில் பெரும்பங்கு பிறப்போடு வருவது என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். சிலருக்குத் தசைநாண் நீளமாகவும் சதை மேலே குவிந்தும் இருக்கும். சிலருக்குச் சதை கணுக்காலை நோக்கி நீளமாக இறங்கியிருக்கும். சதை எந்த இடத்தில் முடிகிறது என்பதை எந்த ஓட்டமும் மாற்றாது. அம்மாவின் காலையும் உங்கள் காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓட்டத்தைவிட அம்மாவுக்கே அதில் கூடிய பங்கு இருப்பது தெரியவரலாம்.

நான் உண்மையில் கவலைப்படுவது உங்கள் தசைநாணைப் பற்றி. ஓடும்போது அக்கிலீஸ் தசைநாணில் விழும் இழுவிசை உடல் நிறையின் ஏறத்தாழ 6 முதல் 8 மடங்கு வரை வரும். மூச்சு சில கிழமைகளிலேயே பழகிவிடும். தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். மூச்சு வாங்கவில்லை என்று நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டுகிறவர்கள்தான் இரண்டாம், மூன்றாம் மாதத்தில் குதிக்கால் நோவோடு என்னிடம் வருகிறார்கள். ஆகையால் கிழமைக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடுங்கள். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது என்று தொடங்கி, எட்டு கிழமைகளில் இடைவிடாத இருபது நிமிடத்துக்கு வந்தால் போதும். முன்பாதத்திலேயே குதித்து ஓடுவதும், கட்டின் சரிவில் ஏறி ஓடுவதும், வெறுங்காலோடு மணலில் ஓடுவதும் கெண்டைக்காலுக்குப் பாரத்தைக் கூட்டும்; முதல் மாதங்களில் சமதரையே நல்லது. சாதாரண செருப்போடு ஓடாமல், குதிக்காலை இறுகப் பிடிக்கும் சப்பாத்து ஒன்றைப் போடுங்கள். கோடையில் வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனாலும் காட்டை ஒட்டிய வீதியென்றால் நன்றாக விடியும்வரை பொறுத்திருங்கள், யானை நிற்பது இருட்டில் தெரியாது.

நோவுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். வவுனியா உள்ளிட்ட உலர் வலயப் பகுதிகளில் சிறுநீரக நோய் பலரைப் பாதித்திருக்கும் நிலையில், வியர்த்து நீர் வற்றிய உடலுக்கு இபுபுரோபன், டைக்குளோபினக் போன்ற மாத்திரைகள் கூடுதல் ஆபத்து. ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, நடக்காமல் இருக்கும்போதும் நோவு இருந்தால் அதை ஓட்டத்தின் விளைவு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உங்களுக்கு இரண்டு காலும் ஒரேயளவாக இறுகியிருப்பது அவ்வகையைச் சேர்ந்ததன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினைந்து பதினாறு வயதுவரை நன்றாக ஓடிய எத்தனையோ பெண் பிள்ளைகள் "கால் மொத்தமாகும்" என்ற ஒரு சொல்லுக்காக மைதானத்தை விட்டுப் போவதை நான் கண்டிருக்கிறேன். ஓர் ஆசிரியை காலையில் குளக்கட்டில் ஓடுவதை உங்கள் வகுப்புப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றால் அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

கேள்வி: எனக்கு 19 வயது, ஊர் முள்ளியவளை. உதைபந்தாட்டம் விளையாடுகிறேன். கால் குச்சிபோல் இருக்கிறது என்று தோழர்கள் கேலி செய்வதால் நான்கு மாதமாக நாள்தோறும் 5 கிலோமீற்றர் ஓடுகிறேன். கெண்டைக்கால் சற்றும் பருக்கவில்லை. இன்னும் கூட ஓட வேண்டுமா?

பதில்: வேண்டாம், தம்பி. மேலே உள்ள பதிலைப் படித்தால் காரணம் விளங்கும். 60 கிலோ நிறையுள்ள ஒருவர் 5 கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 300 கிலோகலோரி செலவாகும். அதற்கு ஈடாக நீங்கள் சாப்பிடாவிட்டால் தசை கட்டுவதற்கு உடலிடம் மிச்சமே இராது. ஓட்டத்தைக் கிழமைக்கு மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் குதிக்கால் உயர்த்தும் பயிற்சி செய்யுங்கள். வீட்டு வாசற்படியில் முன்பாதத்தை மட்டும் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிக்காலைப் படிக்குக் கீழே நன்றாக இறக்கி, ஒரு கணம் நிறுத்தி, பின்னர் முழு உயரத்துக்கு ஏற வேண்டும். முழங்கால் நேராக இருக்கும்போதுதான் வெளியே தெரியும் கஸ்ட்ரொக்னீமியஸ் தசைக்கு முழுப் பாரமும் விழும். ஒற்றைக் காலில் பதினைந்து தடவை எளிதாக வந்துவிட்டால் கையில் 5 லீற்றர் தண்ணீர்க் கலனைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவே 5 கிலோ. இப்படி மூன்று சுற்று, கடைசிச் சுற்றின் முடிவில் இன்னும் ஒன்றிரண்டுதான் ஏற முடியும் என்ற அளவுக்குக் களைக்க வேண்டும்.

உணவில் புரதம் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் அளவில் இருந்தால் நல்லது. பயறு, கௌபி, கச்சான், முட்டை, குளத்து மீன் என்று எங்கள் சமையலிலேயே அதற்கு வழியுண்டு. விலை கூடிய புரத மா வகைகள் தேவையில்லை. மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டு அளந்து பாருங்கள். சதை மேலே குவிந்த கால் என்றால் வளர்ச்சி குறைவாகத் தெரியும், ஆனால் உதைபந்தாட்டத்துக்கு வேண்டிய வலு நிச்சயமாக வந்திருக்கும்.

கேள்வி: 2009 ஆம் ஆண்டு எறிகணைச் சிதறல் பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. பல மாதம் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். இப்போது எனக்கு 35 வயது, மல்லாவியில் தோட்டம் செய்கிறேன். இடது கெண்டைக்கால் வலதைவிட 3 சென்ரிமீற்றர் மெலிவு. ஓடினால் இரண்டும் சமமாகுமா?

பதில்: அண்ணளவாகக்கூட உங்களுக்கு நான் உறுதி தரக் கூடாது, ஐயா, காலைப் பார்க்க வேண்டும். மெலிவுக்குக் காரணம் மூன்றில் ஒன்றாகவோ, ஒன்றுக்கு மேற்பட்டதாகவோ இருக்கலாம்: மாவுக்கட்டில் அசையாமல் கிடந்ததால் தசை வற்றியது, காயத்தில் தசையே இழக்கப்பட்டது, அல்லது நரம்பு அறுபட்டது. வற்றிய தசை எத்தனை ஆண்டானாலும் பயிற்சியால் ஓரளவு திரும்ப வளரும். இழந்த தசை வளராது, ஆனால் எஞ்சியதைப் பலப்படுத்தலாம். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் அந்த நரம்பு எந்தத் தசைக்குப் போகிறதோ அது பயிற்சிக்கு மிகக் குறைவாகவே இணங்கும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். சுவரை விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று குதிக்காலை உயர்த்துங்கள். முதலில் வலது காலில் எத்தனை தடவை முடிகிறது, பிறகு இடது காலில் எத்தனை என்று எண்ணுங்கள். ஆரோக்கியமான ஒருவருக்கு இருபதுக்கு மேல் முடியும். இடது காலில் ஐந்தாறு தடவையாவது முழு உயரத்துக்கு ஏற முடிந்தால் தசை உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்போதும் ஓட்டத்தைத் தொடங்க வேண்டாம். ஓடும்போது உடல் தன்னையறியாமல் பாரத்தை வலது காலுக்கே மாற்றிவிடும், வலது இன்னும் பலமாகி வித்தியாசம் கூடவும் கூடும். மேலே தம்பிக்குச் சொன்ன பயிற்சியை இடது காலுக்கு மட்டும் இரண்டு மடங்காகச் செய்து, அதன் எண்ணிக்கை வலதின் எண்ணிக்கைக்கு அருகே வந்த பிறகு நடந்து ஓடத் தொடங்கலாம்.

ஒரு தடவைகூட ஏற முடியவில்லை, பாதம் தொங்குகிறது, அல்லது உள்ளங்காலில் உணர்ச்சி இல்லை என்றால், அருகிலுள்ள மாவட்ட வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் பழைய எக்ஸ்ரே படங்களையும் கொண்டு போய்க் காட்டுங்கள். உலோகத் துண்டு ஏதேனும் இன்னும் காலுக்குள் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.