கச்சேரி மேடை நினைவுகள்: கேள்வி பதில்

கேள்வி: 1966இல் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியதுதான் நூற்றாண்டின் தலைசிறந்த கச்சேரியா?

பதில்: அக்டோபர் 23 அன்று அங்கே காஞ்சிப் பெரியவர் இயற்றிய ‘மைத்ரீம் பஜத’வும், ராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய பிரார்த்தனைப் பாடலும் ஒலித்தன. அது நம் இசைக்குக் கிடைத்த பெரும் கௌரவம். ஆனால் கச்சேரியின் தரத்தை ஆலாபனையும் (சொல்லின்றி ராகத்தை விரிப்பது) நிரவலும் (பாடலின் ஒரு வரியை எடுத்துப் பலவாறு விரிப்பது) கொண்டே எடைபோட வேண்டும். மண்டபத்தின் பெயரைக் கொண்டு அன்று. முதலிடம், இரண்டாமிடம் என்று நான் வரிசைப்படுத்த மாட்டேன்.

கேள்வி: நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதில்: 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில், திருவாவடுதுறை ஆதீனத்தாருடன் சென்று அவர் வாசித்ததைத்தான் பலரும் நினைவுகூர்கிறார்கள். என் மனம் நாடுவது அவருடைய வாத்தியத்தை. வீதியுலாவுக்கு ஏற்ற திமிரி வகை நாயனம் (நாதஸ்வரம்) நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. அதில் ‘ம’ சுவரத்தின் தாழ்ந்த வகையான சுத்த மத்தியமத்தைப் பிசகாமல் நிறுத்துவது கடினம். தோடிக்கோ சுத்த மத்தியமம் உயிர்நாடி. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி உருவாக்கித் தந்த பாரி நாயனம் நீண்டது, கீழ்ச்சுருதியில் பேசுவது. அதில் அந்தச் சுவரம் தன் இடத்தில் நின்றது. ஒரு கோயில் பிராகாரத்தில் நாயனக்காரர் ஒருவர் சீவாளியை (ஊதும் முனையில் பொருத்தும் நாணல் துண்டை) வாயில் நனைத்து, ஊதிப் பார்த்து, திருப்திப்படாமல் கழற்றி, கொத்திலிருந்து வேறொன்றைப் பொருத்தி, மறுபடியும் நனைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ராகம் தொடங்குமுன் அவ்வளவு உழைப்பு இருக்கிறது. பழைய ஒலிப்பதிவுகளின் மேல் எழுதியிருக்கும் தேதியை மட்டும் விசாரிக்காமல் நம்பாதீர்கள்.

கேள்வி: இந்துஸ்தானி மேதைகளைப் பற்றியும் சொல்வீர்களா?

பதில்: அது என் துறை அன்று, அதில் ஊறியவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒலிபெருக்கி வந்ததால் சங்கீதம் கெட்டுவிட்டதா?

பதில்: மாறியது. கிட்டப்பா போன்ற நாடக மேடைக் கலைஞர்கள் கடைசி வரிசைவரை எட்டும்படி உச்சச் சுருதியில் பாடினார்கள். மைக் வந்தபின் ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கு (கட்டை என்பது சுருதியின் அளவு) இறங்கி நிதானமாகப் பாட முடிந்தது. மென்மை கூடியது, குரலைத் திறந்து பாடும் பழக்கம் குறைந்தது.

கேள்வி: மைக் இல்லையென்றால் பின்வரிசையில் இருப்பவன் என்ன செய்வான்? மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக்கை மறுத்தது பிடிவாதம்தானே?

பதில்: பின்வரிசையில் இருப்பவரின் குறை நியாயமானது, பெரிய மண்டபத்தில் ஒலிபெருக்கி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மணி ஐயரின் மறுப்பைப் பிடிவாதம் என்பதை ஏற்க மாட்டேன். மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) எழும் கும்கி என்னும் குழைந்த ஒலியை விரலழுத்தத்தால் அளந்து வாசிப்பவருக்கு, அந்த அளவைக் கருவியொன்று இடையில் புகுந்து மாற்றுவது எப்படிச் சம்மதமாகும்? பாட்டு தணியும்போது மிருதங்கமும் தானாகத் தணிவதே பக்கவாத்திய தர்மம்.

கேள்வி: அப்படியானால் எது தலைசிறந்த கச்சேரி?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: நூற்றாண்டின் சிறந்த கச்சேரி எது? ஒலிப்பதிவு கிடைக்குமா?

பதில்: மூன்றாம் முறையாக இதே கேள்வி. ஒலிப்பதிவு தேடுவோருக்கு மீண்டும் சொல்கிறேன்: யார் பதிவு செய்தது, பக்கவாத்தியம் யார் என்று தெரியாமல் தேதியை ஏற்காதீர்கள்.

கேள்வி: பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் (ஜி.என்.பி.) முதல் கச்சேரி தற்செயலாக அமைந்ததா?

பதில்: ஆம். 1928இல் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் வசந்தோற்சவத்தில் முசிறி சுப்பிரமணிய ஐயர் பாட இயலாமல் போக, பதினெட்டு வயது இளைஞர் அந்த இடத்தில் உட்கார்ந்து பாடினார்.