வீட்டை விட்டுத் தள்ளி இருக்கும் கார் ஷெட்டுக்கு வைஃபை கொண்டுபோக ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) போதுமா?

போதாது. வாட்ஸ்அப் பார்க்க, பாட்டுக் கேட்க மட்டும் என்றால் சமாளிக்கலாம். நீங்களோ ஷெட்டில் உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் டிவி சத்தம், பிள்ளைகள், வந்து போகிறவர்கள் எல்லாம் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் இடம் வேண்டும், அதனால்தான் ஷெட் என்று நினைக்கிறேன். என் நிலைமையும் அதுதான்.

நான் சேரன்மகாதேவி பக்கம். ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகள். எங்கள் வீடு மாமனாரின் அப்பா கட்டியது. திண்ணை, பட்டாசல், அரங்கு, அடுக்களை என்று தெருவிலிருந்து பின்னால் நீண்டுகொண்டே போகும். புறவாசல் தாண்டி, பழைய மாட்டுத் தொழு இருந்த இடத்தில் கார் ஷெட். மேலே தகரம், முன்னால் ரோலிங் ஷட்டர். ரவுட்டர் இருப்பது தெருப்பக்கம் பட்டாசலில். நடுவில் ஒன்றரை அடி கனத்தில் காரைச் சுவர்கள்.

என் கொழுந்தன் ஆசையாக ஒரு ரிப்பீட்டர் வாங்கிவந்து ஷெட்டுக்குள் மாட்டினார். "மதினி, கோடு ஃபுல்லா காட்டுது பாருங்க" என்றார். கோடு முழுசாகத்தான் இருந்தது. அன்றைக்கு வகுப்பில் இருபடிச் சமன்பாட்டுக்கு வர்க்கமூலம் போட்டுக்கொண்டிருக்கிறேன், பிள்ளைகளின் திரையில் என் கை பாதியில் நின்றுவிட்டது. "மிஸ், ஃப்ரீஸ் ஆயிட்டீங்க" என்று ஒரு பையன் சொல்வது மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது.

அந்தக் கோடு காட்டுவது போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையில் உள்ள சிக்னலை. ரிப்பீட்டருக்கு ரவுட்டரிடமிருந்து என்ன வருகிறது என்பதை அது சொல்லாது. தகரத்திலும் ஷட்டரிலும் பட்ட அலை பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரைக் கடக்கத் திணறும், 2.4 கொஞ்சம் நன்றாகக் கடக்கும், வேகம் குறைவு. இதில் விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்கவும் வேண்டும், திருப்பிச் சொல்லவும் வேண்டும் என்பதால் வருகிற வேகத்திலும் பாதி போய்விடும்.

மெஷ், அதாவது ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக வீடு முழுக்கப் பரப்பும் பெட்டிகள், வாங்கச் சொல்லிக் கீழே யாராவது எழுதுவார்கள். மெஷ் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பெட்டிகளும் காற்று வழியாகத்தான் பேசிக்கொள்ளப் போகின்றன என்றால் அதே சுவர், அதே தகரம்தான். ஷெட் வரைக்கும் ஒரு கேபிள் போக வேண்டும், அந்தக் கேபிளில் வருவதை ஷெட்டுக்குள் வைஃபையாகக் கொடுக்கத் தனியாக ஒரு பெட்டி, அதாவது ஆக்சஸ் பாயின்ட், இருக்க வேண்டும். நான் நெட்வொர்க் படித்தவள் இல்லை. என் வீட்டில் நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

என்ன கேபிள் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். நெட்டுக்குப் போடும் கேட்6 என்கிற செப்புக் கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், எங்களுக்கு நாற்பது மீட்டர்கூட இல்லை. ஆனால் அம்பாசமுத்திரத்தில் என் அண்ணன் வீட்டில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாடியிலிருந்து எதிர்க் கட்டடத்துக்கு அந்தரத்தில் கேட்6 இழுத்திருந்தான். ஐப்பசி மாதம் சாயங்கால இடி, நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே வெட்டில் ரவுட்டரின் போர்ட், நெட்வொர்க் ஸ்விட்ச், கம்ப்யூட்டரின் நெட் போர்ட் மூன்றும் போயிற்று. மின்னல் நேராகக் கேபிளில் விழவேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே செம்பில் பாய்ச்சல் ஏறிவிடும். கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாது. அதனால் ஃபைபர்தான் என்று சொல்லிவிட்டேன். கேட்6 போட்டு வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாதவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வேண்டும், செப்புக் கேபிளில் வருவதை ஒளியாகவும் ஒளியைத் திரும்பவும் மாற்றும் சின்னப் பெட்டி அது. ஜோடியாக வாங்க வேண்டும்: ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது நேர் எதிர். ஒரே வகையில் இரண்டு வாங்கினால் ஒன்றோடொன்று பேசாது. ஃபைபரை இரண்டு பக்கமும் கனெக்டர் போட்டே வாங்கிவிட்டால் ஒட்டுப்போடும் ஆளைத் தேட வேண்டாம். கன்வெர்ட்டரில் நீல மூக்கு என்றால் கேபிளிலும் நீலமே கேளுங்கள். பச்சையை நீலத்தில் செருகக் கூடாது. இழைக்கு இரண்டு பக்கமும் பலத்துக்குக் கம்பி வைத்திருப்பார்கள். அது இரும்பாக இருந்தால் மின்னலுக்கு வழி விட்டதாகிவிடும், இரும்பு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். இவ்வளவு செய்தாலும் ஈபி லைன் வழியாகவும் பாய்ச்சல் வரும். இடி இடித்தால் பிளக்கைக் கழற்றிவிடுவதுதான் நல்லது.

ரவுட்டரிலிருந்து கன்வெர்ட்டருக்குக் கொஞ்ச தூரம் செப்புக் கேபிள் தேவைப்பட்டது. அதற்கு ஜங்ஷனில் ஒரு கடைக்குப் போனேன். "சார் வரலையாம்மா? சாரை வரச் சொல்லுங்க, அவங்களுக்குச் சொன்னா புரியும்" என்றார் கடைக்காரர். நான் பிளேடு கேட்டேன். கேபிள் முனையைச் சீவி, உள்ளே ஓர் இழையைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், இரண்டு சுரண்டலில் வெள்ளையாகிவிட்டது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். "முழுச் செம்பு எடுங்க அண்ணாச்சி" என்றேன். உள்ளேயிருந்து வேறொரு ரோல் வந்தது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நெட் கம்பெனியில் புகார் கொடுத்தால் வருகிற பையனும் வாசலில் நின்றுகொண்டு "வீட்ல ஆம்பளைங்க இல்லையாக்கா" என்றுதான் கேட்கிறான். கனெக்ஷன் என் பெயரில், பணம் கட்டுவது நான், எந்த விளக்கு சிவப்பாக எரிகிறது என்று சொல்லத் தெரிந்தவளும் நான். என் வீட்டுக்காரர் பாவம், "அவகிட்டயே கேளுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகும் அந்தப் பையன் அவர் போன பக்கம் பார்த்துத்தான் பதில் சொல்கிறான். மின்சாமான் கடை, ஹார்டுவேர் கடை எல்லாவற்றிலும் இதே கதை. எனக்கு இது ஆறவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு இஞ்ச் பிவிசி குழாயை முற்றத்தில் இரண்டடி ஆழத்தில் புதைத்தோம். வெளியே விட்டால் அணிலும் எலியும் கடித்துவிடும். ஈபி வயர் போகும் குழாய்க்குள்ளேயே இதையும் விடாதீர்கள். மூலையில் எல்போ போட வேண்டாம், ஃபைபரை ஒடித்தாற்போல் வளைத்தால் ஒளி கசிந்துவிடும். குழாயை வாட்டி அகலமாக வளைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சஸ் பாயின்ட் புதிதாக வாங்கவில்லை. பரணில் கிடந்த பழைய ரவுட்டரே போதும். அதில் டிஹெச்சிபியை (போன், கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்திவிட்டு, முகவரியை 192.168.1.2 என்று மாற்றி (வீட்டு ரவுட்டர் 192.168.1.1ஆக இருந்தால்), கேபிளை வான் (WAN, வெளி நெட்டுக்கான) போர்ட்டில் செருகாமல் லான் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) போர்ட்டில் செருகினேன். பெயரும் பாஸ்வேர்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே. சேனல் மட்டும் வீட்டில் 1, ஷெட்டில் 11. இரண்டு முனையும் இன்வெர்ட்டர் லைனில். மொத்தச் செலவு நாலாயிரத்துக்குள் முடிந்தது. இப்போது கரண்ட் போனாலும் என் வகுப்பு நிற்பதில்லை.

உங்கள் ஷெட் வீட்டு வளவுக்குள் இல்லாமல் தோட்டத்தில், அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் குழி வெட்டுவது கட்டாது. அப்போது எதிரெதிரே பார்த்து நெட்டைக் காற்று வழியாக அனுப்பும் 5 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ஜோடிதான். இப்படி வீட்டில் போடும் சாதாரண டிஷ்களுக்கு 2018இலிருந்து தனி லைசென்ஸ் தேவையில்லை. நடுவில் தென்னை மட்டை மறைக்கக் கூடாது. ராதாபுரம், பணகுடிப் பக்கம் என்றால் ஆடிக் காற்றுக்குக் கம்பம் அசையாதபடி ஸ்டே கம்பி கட்ட வேண்டும். கரண்ட் வயர் வழியாகவே நெட் அனுப்பும் கருவியை யாராவது சொன்னால், தோட்டத்து மோட்டார் சர்வீஸும் வீட்டு சர்வீஸும் வேறு வேறு என்பதை மறந்துவிடாதீர்கள். அங்கே அது வேலை செய்யாது.

தூரம் எவ்வளவு, கூரை தகரமா ஓடா என்று எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குழாயை மூடும் முன் உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து விட்டுவிடுங்கள். பின்னால் இன்னொரு கேபிள் விட வேண்டி வந்தால் மறுபடி தோண்ட வேண்டாம்.