நோயே இல்லாதவர் உடம்பிலும் வைரஸ் இருக்குமா? இருந்தால் ஆபத்தா?

இருக்கும், எப்போதுமே. குடலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஃபாஜ் வகை. அங்குள்ள பாக்டீரியாவைத்தான் தாக்கும், நம் செல்களைத் தொடாது. ஏதோ ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதனால் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவள் நான். ஐந்தாம் மாதம் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் 1.2-இலிருந்து 1.9-க்கு ஏறியது. ரத்தத்தில் பிகே வைரஸ் என்றார்கள். வைரஸ் என்று காதில் விழுந்ததுமே மாமியார், "சமையக்கட்டை நீ எப்படி வெச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டார். கணவருடைய டம்ளரைத் தினமும் தனியாகக் கொதிநீரில் போட்டு எடுத்தவள் நான். கொத்துமல்லியைக்கூடப் பச்சையாகத் தூவியதில்லை.

டாக்டர்தான் விளக்கினார். பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே தொற்றி, சிறுநீரகத்தில் சும்மா கிடக்கும் வைரஸ் அது. 1971-இல் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவரின் சிறுநீரில் முதலில் கண்டார்கள். பிகே என்பது அவர் பெயரின் முதலெழுத்துகள். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதிருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்குகிறோம் இல்லையா, அந்தக் காவல் தளர்ந்ததும் இது பெருகுகிறது. வழி, அந்த மருந்துகளையே குறைப்பதுதான். டாக்ரோலிமஸைக் குறைத்தார்கள். அளவுக்கு மேல் குறைத்தால் சிறுநீரகமே போய்விடும். அந்த வாரங்களில் நான் தூங்கவில்லை.

"உங்க கிட்னியோடயே வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு" என்றும் டாக்டர் சொன்னார். எனக்கு 38 வயது. இத்தனை வருஷம் என்னிடம் வாலாட்டாமல் இருந்திருக்கிறது. மாமியாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

'அப்போ எல்லா வைரஸும் நல்லதா' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் டாக்டர் இல்லை, அப்படிச் சொல்லவும் இல்லை. ரேபிஸையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒரே வைரஸ் என்னிடம் ஒரு மாதிரியும் அவரிடம் வேறு மாதிரியும் நடந்துகொண்டது, அவ்வளவுதான். சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளோடு வந்து அவரை விசாரிப்பார்கள். என் இடுப்பில் இருக்கும் தழும்பை யாரும் கேட்டதில்லை. கொடுத்தவருக்கும் வருஷா வருஷம் சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். நினைவுபடுத்தி ஒரு போன்கூட வந்ததில்லை. நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

கணவருக்கு இப்போது கிரியாட்டினின் 1.4. ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை. நாளைக் காலை மறுபடி ரத்தம் எடுக்கணும், அதற்கு அப்புறம்தான் ஒன்பது மணி மாத்திரை.