மெஸ்ஸில் யாரோடு உட்காருவது?

அன்புள்ள ஐயா,

எனக்கு சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவையில் பொறியியல் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் என்னை 'செவன் பாயின்ட் ஃபைவ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் பன்முகத்தன்மை நாள் என்று வேட்டி கட்டி மேடையில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். மெஸ்ஸில் எங்கள் ஊர்ப் பையன்களோடு மட்டும்தான் உட்காருகிறேன். அறையில் ஒரு பீகார்க்காரன். பேச்சு கிடையாது, அவனுக்கு ஒழுங்காகக் குளிக்கக்கூடத் தெரியாது. ஆங்கிலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

செ.

அன்புள்ள செ.,

ஆங்கிலம் இரண்டாம் ஆண்டுக்குள் தானாக வரும், அதை விடுங்கள். ஒதுக்கீட்டுக்கும் கூச வேண்டாம். 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியலுக்கும் சட்டம் போட்டுக் கொடுத்த இடம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் முட்டி மோதித்தான் அதை வாங்குகிறார்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது மெஸ்தான். கொஞ்ச நாளாக சேரன்மாதேவி குருகுலம் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கத்து விஷயம். விடுதலைப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய விடுதிப் பள்ளி. தேசபக்தி இருந்தது, தமிழ் இருந்தது, காங்கிரஸ் பணமும் இருந்தது. பிராமணப் பிள்ளைகள் சிலருக்கு மட்டும் தனியாகச் சோறு போட்டார்கள். அப்போது காங்கிரஸில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தெழ, குருகுலமே ஆட்டம் கண்டது. பாடத்திட்டத்துக்காக யாரும் சண்டை போடவில்லை, பந்திக்காகப் போட்டார்கள். 2018இல் சென்னை ஐஐடி மெஸ் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று போஸ்டர் ஒட்டி, எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். படித்தவர்கள் கூடுகிற இடம்!

எங்கள் விடுதியில் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். கழுவி அலமாரியில் அடுக்குவோம். ஒருவனுடைய தட்டு மட்டும் தினமும் தரையில் கிடக்கும். யார் வைத்தது என்றால் ஒருத்தனுக்கும் தெரியாது. வார்டன் வந்து சமத்துவம் பற்றி அரை மணி நேரம் பேசினார். தட்டு தரையில்தான் இருந்தது. அப்புறம் கமுதிக்காரன் ஒருவன், பெருந்தீனிக்காரன், ஒரு மதியம் அந்தப் பையன் தட்டிலிருந்த அப்பளத்தைக் கேட்காமல் எடுத்து நொறுக்கினான். 'டேய்' என்று தட்டுக்காரன் கத்த, கூடத்தில் பேச்சு நின்றுபோனது. மறுநாளும் எடுத்தான். புரட்சியெல்லாம் இல்லை, பசி. தட்டு எப்போது அலமாரிக்கு ஏறியது என்று யாரும் கவனிக்கவில்லை.

இப்போது உங்களுக்கு வருகிறேன். எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று குமுறுகிறீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த பீகார்ப் பையனுக்குப் பெயர் எங்கே? குளிக்கத் தெரியாதாம்! நம் சனங்களைப் பற்றி எத்தனை திண்ணைகளில் இதே பேச்சுப் பேசியிருப்பார்கள், வாய் கூசவில்லையா தம்பி? உங்களுக்காவது சேர்ந்து உட்கார ஊர்ப் பையன்கள் இருக்கிறார்கள்.

தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்களுக்கு சத் பூஜை. ஊருக்குப் போனால் தேக்குவா கொண்டு வருவான். கோதுமை மாவில் வெல்லம் போட்டுப் பிசைந்து பொரித்தது, கடிக்கக் கெட்டியாக இருக்கும். டப்பா திறந்ததும் கேட்காமல் கை வையுங்கள். கத்தினால் கத்தட்டும். அதற்கு முன்னால், அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பீர்களே, அதை எடுத்து மேசைமேல் வையுங்கள்.